அந்த வளையம் தானாகத் திரும்பாது

இதைப் படித்துவிட்டு, ‘கேமராவில் ஏதாவது கோளாறாக இருந்திருக்கும்’ என்று சொல்லப் போகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த லென்ஸில் கோளாறு ஆவதற்கு ஒன்றுமே கிடையாது. மோட்டார் கிடையாது. சிப் கிடையாது. கேமராவோடு பேச ஒரு கம்பிகூடக் கிடையாது. கண்ணாடி, உலோகம், கொஞ்சம் காய்ந்த கிரீஸ். அவ்வளவுதான்.

அதன் வளையத்தை யாராவது கையால் திருப்பினால்தான் திரும்பும். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இது ராத்திரியில் நடந்ததும் இல்லை. பங்குனி மாத வெயில். பகல் மூன்று பத்து. சுற்றிலும் நாற்பது பேர். அத்தனை பேர் நடுவிலும் எனக்கு மட்டும்தான் நடந்தது. நடந்தது உண்மை. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

என் பெயர் மதிவாணன். தஞ்சாவூரில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, சாவு... கூப்பிட்ட வீட்டுக்குப் போவேன். போன வருடம் ஒரு கல்யாண மேடையில் எவனோ இடித்து, என்னிடம் இருந்த ஒரே நல்ல லென்ஸ் விழுந்து உடைந்தது. இடித்தவன் ‘சாரி’ என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான். புதிது வாங்க எனக்கு வழியில்லை. பழைய கேமரா சாமான் விற்கும் ஹாஜா மைதீன் பாயிடம் போனேன்.

அவர் ஒரு பழைய ரஷ்ய லென்ஸை எடுத்து மேசையில் வைத்தார். என்னைவிட வயதில் மூத்தது. விலை ஒரு சுமாரான சட்டை விலைதான்.

“அடாப்டர் போட்டா உன் கேமராவுல உக்காந்துக்கும்பா. ஃபோகஸ் மட்டும் நீதான் கையால வைக்கணும். பொறுமை வேணும்.”

இந்த மாதிரிப் பழைய லென்ஸ்களுக்கு இப்போது யூடியூபில் ஏக மவுசு. பின்னணி சுழன்று கரைகிறது, கனவு மாதிரி இருக்கிறது என்று பையன்கள் உருகுகிறார்கள். எனக்குக் கனவெல்லாம் வேண்டாம். வேலை நடந்தால் போதும்.

வளையத்தில் எண்கள் இருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு... ஆள் எத்தனை மீட்டர் தூரத்தில் நிற்கிறார் என்ற கணக்கு. கடைசியில், எட்டைப் படுக்க வைத்தது போல ஒரு குறி. கண்ணுக்கு எட்டாத தூரம் என்று அர்த்தம். கேமராவில் ஒரு வசதியும் உண்டு. எது தெளிவாக விழுகிறதோ, அதன் ஓரத்தில் திரையில் சிவப்புக் கோடு போட்டுக் காட்டும். கோட்டைப் பார்த்து வளையத்தைத் திருப்ப வேண்டியதுதான். என்னுடைய லென்ஸில் கிரீஸ் காய்ந்து, வளையம் ஊறுகாய் பாட்டில் மூடி மாதிரி இறுகிப் போயிருந்தது. விரலை அழுத்தாமல் நகராது.

திருவையாற்றைத் தாண்டி ஒரு கிராமம். அங்கே சவரியம்மாள் என்ற அம்மாள், எழுபத்தொரு வயது, இறந்துபோனார். மகன்கள் இரண்டு பேர். மூத்தவர் பெரியநாயகசாமி, இளையவர் லியோ. லியோவின் மகள் லின்சிக்குச் சர்ச்சில் புதுநன்மை கொடுத்தபோது நான்தான் படம் எடுத்தேன். அந்தப் பழக்கத்தில் கூப்பிட்டார்கள்.

பந்தலுக்குள் நுழைந்ததுமே பெரியநாயகசாமி என்னைத் தனியாக அழைத்துப் போனார்.

“தம்பி, பெட்டியைச் சுத்திக் குடும்பமா நின்னு ஒரு போட்டோ. அதான் முக்கியம். சர்ச்சுலேருந்து சாமியார் நாலு மணிக்கு வந்துடுவாரு.”

“சரிண்ணே.”

“இன்னொண்ணு... எங்களுக்கு ஒரு தங்கச்சி உண்டு. ஃபிளோரா. வேற மதத்துக்காரனைக் கட்டிக்கிட்டு அதிராம்பட்டினம் போய்ப் பதினோரு வருஷம் ஆச்சு. ஒருவேளை வந்தாலும் வந்து நிப்பா. அவ போட்டோவுல வரக்கூடாது. பார்த்துக்க.”

“சரிண்ணே,” என்றேன்.

அந்த இரண்டாவது ‘சரிண்ணே’யை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாய் கசக்கிறது. அந்தப் பெண் கல்யாணம்தானே செய்துகொண்டாள்? பெற்ற தாயின் கடைசிப் படத்தில் அவள் நிற்கக் கூடாது என்று சொல்ல இவர் யார்? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நாளைக்கு லின்சி கல்யாணம் வரும், அதையும் நமக்கே கொடுப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மணி மூன்று ஐந்து. ஐஸ் பெட்டியிலிருந்து அந்த அம்மாளை எடுத்து மரப்பெட்டியில் வைத்தார்கள். கையில் ஜெபமாலை. ஐஸ் பெட்டியை நிறுத்தினார்கள். காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த ‘ம்ம்ம்’ என்ற சத்தம் சட்டென்று நின்றது.

கூடத்தின் நடுவில் பெட்டி. தெருவாசல் பக்கம் ஸ்டாண்டில் என் கேமரா. பெட்டிக்குப் பின்னால் குடும்பம். அவர்களுக்கும் பின்னால் கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. அதைத் தாண்டி போர் மோட்டார் கொட்டகை, அப்புறம் வயல். சம்பா அறுத்து, உளுந்தும் பிடுங்கியாகிவிட்டது. வெறும் தரை வெயிலில் வெளுத்துக் கிடந்தது.

வளையத்தை மூன்றில் வைத்தேன். திரையில் சிவப்புக் கோடுகள் வந்தன. பெட்டியின் ஓரத்தில், ஜெபமாலையில், அண்ணன் தம்பி சட்டைக் காலரில். சரியாக இருந்தது.

பெட்டியின் தலைமாட்டில் ஒரு பெண் நின்றிருந்தாள்.

மஞ்சள் சுடிதார். தோளில் ஒரு பை. தலைமுடி நனைந்திருந்தது. ஒரு செருப்பைக் கையில் வைத்திருந்தாள். குனிந்து அந்த அம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஒவ்வொரு முடியிலும் சிவப்புக் கோடு.

இவள்தான் ஃபிளோரா என்று புரிந்தது. நான் நினைத்ததைவிடச் சின்ன வயதாகத் தெரிந்தாள். பட்டன் மேல் என் விரல் இருந்தது. அழுத்தவில்லை.

“அந்த மஞ்சள் சுடிதார் போட்ட தங்கச்சி... கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

அவள் நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். பின்பக்கமாகத் தள்ளிப் போனாள்.

லியோ என்னையே பார்த்தார்.

“யாரச் சொல்றே?”

ஓர் அம்மாள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். பெரியநாயகசாமியின் முகம் கறுத்துப்போனது. கண்ணெதிரே நிற்கிற தங்கையைப் பார்க்காத மாதிரி எல்லாரும் நடிக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை, அவளைத் திரையில் மட்டும்தான் பார்த்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

“ஒண்ணுமில்லண்ணே. எல்லாரும் இங்க பாருங்க.”

மணி மூன்று பத்து.

திரையில் ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை. பெட்டியில் இல்லை. யார் முகத்திலும் இல்லை.

லென்ஸைப் பார்த்தேன். வளையம் ஐந்தில் இருந்தது.

நான் தொடவில்லை.

மறுபடி மூன்றுக்குத் திருப்பினேன். பட்டனை அழுத்தினேன். டக். அந்த ஒரு நொடிக்குள்...

கிர்ர்ர்...

காய்ந்த கிரீஸ் உரசும் சத்தம். மறுபடியும் ஐந்து.

வெயிலில் வேர்த்துக்கொண்டிருந்தேன். வளையம் சில்லென்று இருந்தது. ஈரமாகவும் இருந்தது. சேற்று வாசனை அடித்தது.

இந்த முறை வளையத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். டக்.

கிர்ர்ர்...

என் விரலுக்கு அடியிலேயே திரும்பியது. யாரோ என் கைமேல் கைவைத்துத் திருப்புவது போல. முரட்டுத்தனமாக இல்லை. மெதுவாக. விடாமல்.

எட்டு.

டக்.

கிர்ர்ர்...

“என்னப்பா, ஆச்சா?” என்றார் லியோ.

“இதோண்ணே...”

டக். டக்.

கிர்ர்ர்... டொக்.

வளையம் கடைசிக் குறியில் போய் இடித்து நின்றது. அதற்குமேல் போக இடமில்லை. நான் பலம் கொண்டமட்டும் திருப்பினேன். அசையவில்லை.

மணி மூன்று பதினாறு.

மொத்தம் பதினான்கு படங்கள். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே சாமியார் வந்துவிட்டார். பெட்டியை மூடிவிட்டார்கள்.

சாயங்காலம் ஆறு நாற்பதுக்கு ஸ்டுடியோவில் கம்ப்யூட்டரைத் திறந்தேன். பதினான்கிலும் குடும்பம் மொத்தமும் கலங்கலாக இருந்தது. அந்த அம்மாளின் முகமும் கலங்கல்தான். முதல் சில படங்களில் கொல்லைக் கதவு மட்டும் தெளிவாக இருந்தது. அங்கே அவள். முதுகு தெரிந்தது. அடுத்த படங்களில் மோட்டார் கொட்டகை ஓரமாகப் போய்க்கொண்டிருந்தாள். கடைசிப் படத்தில் வயல் வரப்பில் நின்று வீட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே எடுக்கும் படத்தில் வெளி வெயில் வெறும் வெள்ளையாகத்தான் விழும். இதில் எல்லாம் தெரிந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

படத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. வயலில் தண்ணீர் நின்றது. புதிதாக நட்ட நாற்று, பச்சையாக, வரிசை வரிசையாக.

பங்குனி மாதத்தில்.

மறுநாள் லென்ஸைப் பாயிடம் கொண்டு போனேன். கடைசிக் குறியிலேயே இறுகிக் கிடந்த வளையத்தை அவரும் திருப்பிப் பார்த்தார். முடியவில்லை. அதன் வரிகளுக்குள் குண்டூசியை விட்டுச் சுரண்டினார். காய்ந்த களிமண் உதிர்ந்தது.

“என்னப்பா இது, வயல்ல போட்டியா?”

“இல்ல பாய்.”

மூன்றாம் நாள் பெரியநாயகசாமி படம் கேட்டு ஸ்டுடியோவுக்கு வந்தார். மறைக்க எனக்கு வழி தெரியவில்லை. திரையில் காட்டினேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“இவ எப்படி...” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். பிறகு, “எல்லாத்தையும் அழிச்சிடு,” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அதற்குப் பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் பாதி, என்மேல் பாதி. படத்தை நான் அழிக்கவில்லை. அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க நினைத்துப் பாயிடம் போனேன். பாயின் சொந்த ஊரே அதிராம்பட்டினம்தான். ஃபிளோரா என்று பெயர் சொன்னதுமே, “நம்ம ஐஸ் கம்பெனி ஷஹ்பாஸ் வீட்டம்மால்ல அது?” என்றார். சாயங்காலத்துக்குள் நம்பர் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

ஐந்தாம் நாள். காலை பதினொன்று இருபதுக்குப் போன் போட்டேன்.

“நான் போட்டோகிராஃபர் மதிவாணன் பேசுறேங்க. அன்னைக்கு உங்களைத் தள்ளி நிக்கச் சொல்லிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க.”

“என்னைக்குங்க?”

“அம்மாவை அடக்கம் பண்ண அன்னைக்கு.”

அந்தப் பக்கம் ஒரு குக்கர் விசில் அடித்தது. இன்னொன்று.

“எந்த அம்மா?” என்றார் அவர்.

யாரும் சொல்லியிருக்கவில்லை. ஐந்து நாளாக. அம்மா இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பெண் சமைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். மன்னிப்புக் கேட்கப் போய், தாய் செத்த சேதி சொன்னவன் நான். போனை வைத்துவிட்டேன்.

மூன்றரை மணிக்கு அவரிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. ‘போட்டோ அனுப்புங்கண்ணா.’

மூன்று படங்களை அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. நான்கு இரண்டுக்கு அவரே கூப்பிட்டார். அழுது ஓய்ந்த குரல்.

“இது நான்தாண்ணா. ஆனா இப்ப உள்ள நான் இல்ல.”

“அப்படின்னா?”

“வீட்டை விட்டுப் போன அன்னைக்குப் போட்டிருந்த சுடிதார். செருப்பு வார் அறுந்துபோச்சு, கையில எடுத்துக்கிட்டேன். நல்ல மழை. சம்பா நடவு. அம்மா நடவுக்குப் போயிருந்தாங்க. அண்ணனுங்க டவுனுக்குப் போயிருந்தாங்க. வீட்டுல யாரும் இல்லன்னுதான் கொல்லை வழியாப் போனேன்.”

நான் மேசைமேல் இருந்த லென்ஸைப் பார்த்தேன். அதன் வரிகளில் இன்னும் கொஞ்சம் சேறு ஒட்டியிருந்தது.

“வரப்புல நின்னு ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தேண்ணா. கதவு தொறந்து கெடந்துச்சு. உள்ளே இருட்டு. யாருமே பாக்கலைன்னுதான் இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

நடவிலிருந்து பாதியில் எழுந்து வந்திருக்கிறாள் அந்த அம்மாள். கையில் சேற்றோடு கூடத்து இருட்டில் நின்று, மகள் போவதைப் பார்த்திருக்கிறாள். கூப்பிடவில்லை. சாகும்வரை யாரிடமும் சொல்லவும் இல்லை. எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. வேறு எப்படித் தோன்றும்?

“அண்ணா...”

“சொல்லும்மா.”

“அம்மா பக்கத்துல நான் நிக்கிற மாதிரி ஒரு போட்டோ இருக்கா?”

மணி நான்கு ஏழு.

இருந்தது. மூன்று மீட்டரில், தலைமாட்டில், அம்மா முகத்தைப் பார்த்தபடி. திரையில் அத்தனை தெளிவாக இருந்தது. என் விரல் பட்டன் மேல்தான் இருந்தது. அழுத்தவில்லை. நான்தான் தள்ளி நிற்கச் சொன்னேன்.

“இல்லம்மா,” என்றேன்.