மாமனுக்கு இரண்டு வாய்

சின்னவள் நேற்று பள்ளிக்கூடத்திலிருந்து ஓர் இலைப் படம் வரைந்து கொண்டுவந்தாள். இலையின் அடிப்பக்கத்தில் பொடிப்பொடியாகத் துளைகள். அவற்றின் பெயர் ஸ்டொமேட்டா என்று அவள் படித்துக் காட்டியதும் என் கை தானாகக் காதுக்குப் போனது. "ஏம்ப்பா காதத் தடவுற?" என்று பெரியவன் கேட்டான். சோறு ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. அதனால் உங்கள் இருவருக்குமாக எழுதி வைக்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனாலும் இந்த ஒரு சொல்லின் விவகாரம் எனக்கு நன்றாகத் தெரியும். உங்கள் சயின்ஸ் டீச்சர் நேரில் வந்து கேட்டாலும் தயங்காமல் சொல்வேன்.

எனக்குக் காது குத்தியபோது ஏழு வயது. நம் பக்கத்தில் ஆண்பிள்ளைக்கும் காது குத்துவோம். ஒரு வயதிலோ மூன்று வயதிலோ முடித்துவிடுவார்கள். எனக்கோ ஒரு தடவை பங்காளி வீட்டுச் சாவு குறுக்கே வந்தது, இன்னொரு தடவை மழை பொய்த்துப்போனது. கடைசியில் எல்லாம் கூடிவந்து பத்திரிகையும் அடித்த பிறகு, மாமாவின் லாரி தொப்பூர் கணவாயில் கவிழ்ந்தது.

மாமா என்றால் என் அம்மாவின் ஒரே தம்பி. கடத்தூர் ரோட்டில் அவர் லாரி திரும்பும்போது ஹார்னுக்கு முன்னால் அவர் குரல் கேட்கும். அப்படிப்பட்டவர், சேலம் ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து உயிரைக் காப்பாற்றி அனுப்பிய பிறகு, எங்கள் வீட்டு உள்ளறைக் கட்டிலை விட்டு வெளியே வரவில்லை. அவர் வயிற்றின் இடப்பக்கம் ஒரு துளை போட்டிருந்தார்கள். அதன்மேல் ஒட்டிய ஒரு பை. அடிபட்ட குடல் ஆறும்வரை மலம் அந்த வழியாகத்தான் வரும். அதற்கு நேரம் காலம் கிடையாது, அடக்கவும் முடியாது. சில சமயம் சத்தமும் வரும். யாராவது பார்க்க வந்தால் மாமா துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார்.

காதுகுத்து என்றால் தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மாமா முடியவே முடியாது என்றார்.

"சனத்து முன்னாடி நான் வந்து ஒக்காரணுமா? அது பாட்டுக்கு சத்தம் போடும்க்கா. இவன் ஒரு ஒத ஒதச்சான்னா பை கிழிஞ்சுடும். நம்ம சித்தப்பன் பையன் மடியில வெச்சிக் குத்துங்க."

"நீ உசுரோட இருக்கறப்ப இன்னொருத்தன் மடியில வெச்சா, என் தம்பி செத்துட்டான்னு நானே தமுக்கு அடிச்ச மாதிரிடா," என்றார் அம்மா. "அப்படின்னா இவனுக்குக் காதே குத்த வேணாம், போ."

அம்மா ஒருமுறை சொன்னால் சொன்னதுதான். பள்ளிக்கூடத்தில் காது குத்தாத ஒரே பயல் நான். இவர்கள் சண்டையில் அது அப்படியே நிலைத்துவிடும் போலிருந்தது.

அடுத்த முறை மாமாவை சேலத்துக்குக் கூட்டிப் போனபோது அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பை மாற்றுகிற நர்ஸம்மாவிடம் வழக்கை வைத்தார். நர்ஸம்மா சிரிக்கவில்லை. மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, பையை எடுத்துவிட்டு, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். பயப்பட ஒன்றுமில்லை. சிவப்பாக, ஈரமாக, உதட்டை வெளியே மடித்துக் கண்ணாடியில் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"இதுக்குப் பேரு ஸ்டோமா கண்ணு. கிரேக்க பாஷையில வாய்னு அர்த்தம். உனக்கு வாய்ப்புண்ணு வருதில்ல, அதுக்கு ஸ்டொமாட்டைட்டிஸ்னு பேரு. எலைக்குக்கூட குட்டிக்குட்டியா வாய் இருக்கு, அது ஸ்டொமேட்டா. எல்லாம் ஒரே குடும்பம்."

வயிற்றுக்கு நாம் சொல்கிற ஸ்டமக்கும் அந்தக் குடும்பம்தானாம். ஒரு சொல் இத்தனை சொந்தபந்தங்களோடு வருவது எனக்குப் பிடித்துப்போனது. எங்கள் காதுகுத்துப் பத்திரிகையிலும் அப்படித்தான் ஒரு பெயருக்குக் கீழே வரிசையாகப் பெயர்கள் இருந்தன.

பிறகு நர்ஸம்மா வழி சொன்னார். முதல்நாள் முட்டைக்கோஸ், பயறு எதுவும் வேண்டாம். குத்துவதற்குச் சற்று முன்னால் பையைக் காலி செய்துவிட வேண்டும். துளை இடப்பக்கம் இருப்பதால் பையனை வலது தொடையில் பக்கவாட்டில் உட்கார வைக்க வேண்டும். "ஒதைக்காம இருப்பியா?" என்று என்னைக் கேட்டார். இருப்பேன் என்று சத்தியம் செய்தேன்.

ஊருக்குத் திரும்புகிற பஸ் தருமபுரியைத் தாண்டிய பிறகுதான் மாமா, "ஒதச்சே மவனே, குத்தறதுக்கு பதிலா ரெண்டு காதையும் அறுத்து கையில குடுத்துடச் சொல்லுவேன்," என்றார். நான் மிரண்டு அம்மாவைப் பார்த்தேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

குலதெய்வம் கோயில் புளியமரத்தடியில் சனம் கூடியிருந்தது. எனக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசியிருந்தார்கள். மாமா தொளதொள சட்டை போட்டுக்கொண்டு வந்தார். எல்லோரும் அவரிடம் நலம் விசாரித்தார்கள், கண்ணை மட்டும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு. அவர் யாருக்கும் பதில் சொல்லாமல் மனைப்பலகையில் உட்கார்ந்து, என்னை வலது தொடையில் வைத்து, இடது கையை என் முழங்கால்களுக்குக் குறுக்கே போட்டார். ஆசாரி என் வாயில் ஒரு வெல்லக்கட்டியைத் திணித்து வலது காதைக் குத்தினார். நான் ஊரே கேட்கக் கத்தினேன். காலை மட்டும் அசைக்கவில்லை. கத்தக்கூடாது என்று யாரும் சொல்லியிருக்கவில்லையே.

ஆசாரி அடுத்த காதைத் துடைத்தார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில்தான் சத்தம் வந்தது. நீளமான சத்தம்.

"மாப்ள பயத்துல வுட்டுட்டாருடோய்!" என்றார் என் பெரியப்பா, என்னைக் காட்டி.

சனம் கொல்லென்று சிரித்தது. என் வகுப்புப் பயல்கள் முன்னால் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பு அப்படியே அடங்கியிருந்தால் மாமா தப்பித்திருப்பார். ஆனால் என் மானம் என்ன ஆவது?

"நான் இல்லீங்க!" என்று வெல்லத்தைத் துப்பிவிட்டுக் கத்தினேன். "மாமனோட ஸ்டோமா! சட்டைக்குள்ள இருக்குது. அது வாய்! மாமனுக்கு ரெண்டு வாய்! நர்ஸம்மா சொன்னாங்க. எலைக்கும் இருக்குது, வேணும்னா பாருங்க!" தலைக்கு மேலிருந்த புளியமரத்தைக் கையைத் தூக்கிக் காட்டினேன்.

யாரும் மரத்தைப் பார்க்கவில்லை. சிரிப்பு நின்று, அத்தனை கண்களும் மாமாவின் சட்டைக்கு வந்தன. தட்டு ஏந்தி நின்ற அம்மாவின் கையிலிருந்து வெற்றிலை சரிந்தது. எனக்குக் கீழே மாமாவின் தொடை கல்லாக இறுகி, எழுந்திருப்பது போல ஒரு விரற்கடை உயர்ந்தது. முழங்காலில் இருந்த கை, காதைக் குத்தியதைவிட அதிகமாக வலிக்கும்படி இறுக்கியது. பிறகு தொடை மெல்லத் தாழ்ந்தது.

"பையன் சொல்றது நெசந்தாங்க," என்றார் மாமா. பழைய ஹார்ன் குரல் இல்லை. ஆனாலும் கடைசியில் நின்றவர்களுக்கும் கேட்டது. "சத்தம் என்துதான். லாரிக்கு அடியில போயிட்டு வந்தவனுக்கு டாக்டருங்க வெச்சி வுட்ட வாய் இது. மேல் வாய் இத்தன நாளா பேசாம கெடந்துச்சில்ல, அதுக்கும் சேத்து இது பேசுது." பெரியப்பா பக்கம் திரும்பினார். "ஏன் மாமா, நீங்களும் அதுகிட்ட ரெண்டு வார்த்த பேசறீங்களா?"

"அட போப்பா, உன் மேல் வாய்க்கே இதுவரைக்கும் எவனும் பதில் சொன்னதில்ல!" என்றார் பெரியப்பா.

இந்த முறை சிரித்தவர்களில் மாமாவும் இருந்தார். "குத்துங்க ஆசாரி, அடுத்த காது காத்துக்கிட்டுக் கெடக்குது," என்று அவர் போட்ட சத்தத்தில்தான் ஊசி இறங்கியது. பிறகு கட்டிலுக்குத் திரும்பாமல் பந்தியில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டார்.

சில மாதம் கழித்து மறுபடி ஆபரேஷன் செய்து குடலின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள். அதற்கு அனாஸ்டமோசிஸ் என்று பெயர். அந்தச் சொல்லுக்குள்ளும் அதே வாய்தான் இருக்கிறது. நீங்கள் போனால், தொப்பூர் ரோட்டுக் கடையில் உங்களுக்கு முட்டை பரோட்டா போட்டுத் தருகிற தாத்தாதான் அந்த மாமா. லாரிக்காரர்களை அவர் கூப்பிடுகிற குரலை நீங்களே கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு அன்று ரொம்பப் பெருமை. ஊரில் யாருக்கும் தெரியாத ஒரு சொல்லைச் சொல்லி எல்லோரையும் வாயடைக்க வைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். என் முழங்காலில் மாமாவின் விரல்கள் பதிந்து கன்றிப் போயிருந்தன. நான் உதைத்துவிடாமல் அவர் பிடித்த பிடி என்று சொல்லி அதைப் பயல்களிடம் காட்டித் திரிந்தேன். ஆனால் நான்தான் சத்தியம் செய்திருந்தேனே, ஒரு தடவைகூட உதைக்கவில்லையே. அத்தனை கண்களுக்கு நடுவில் எழுந்து ஓடிவிடாமல் இருக்க, அவருக்கு அங்கே கிடைத்த ஒரே பிடிமானம் என் முழங்கால்கள்தான் என்பது எனக்கு அன்று தெரியாது.