மூன்று கோணம் போதாது

மலேசியப் பள்ளியில் படிவம் மூன்று, அதாவது ஒன்பதாம் வகுப்பு, படித்தபோது ஒரு வடிவியல் சோதனை. மூன்று கோணங்களும் சமமாக இருந்ததால் இரண்டு முக்கோணங்களும் சர்வசமம் என்று எழுதினேன். ஆசிரியர் சிவப்பு மையில் அடித்துவிட்டார். வீட்டுக்கு வந்தும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கோணமெல்லாம் ஒன்றாக இருக்கும்போது வேறென்ன வேண்டும்?

அப்பா எஸ்டேட்டில் கூரை வேலை பார்த்தவர். தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளான லயத்தில்தான் குடியிருந்தோம். அன்று துரை பங்களாவில் தகரம் மாற்றிவிட்டு வந்திருந்தார்.

"நம்ம லயத்துக் கூரையும் பங்களா கூரையும் ஒரே சாய்வாப்பா?" என்று கேட்டேன்.

"ஒரே சாய்வுதான் லா. ரெண்டு மேலயும் அதே மழைதானே பெய்யுது."

மறுநாள் பள்ளி லோரியிலிருந்து பார்த்தேன். லயத்தின் கோடிச் சுவரிலும் பங்களாவின் முகப்பிலும் கூரை அதே வடிவ முக்கோணமாகத்தான் இருந்தது. பங்களா முக்கோணத்துக்குள் எங்கள் வீடு முழுசாக அடங்கிவிடும்; பக்கத்து வீட்டுக்கும் இடம் மிஞ்சும்.

அந்தக் கணக்கில் பிறகு நான் தவறியதே இல்லை.