அண்ணியின் கிதார் ரெக்கார்டு

அந்த ரெக்கார்டு கைதட்டலில்தான் தொடங்கும். வாத்தியம் எதுவும் ஒலிப்பதற்கு முன்பே, கடல் தாண்டிய ஏதோ ஓர் ஊரில், ஒரு சின்னக் கூடத்தில் கூடியிருப்பவர்கள் கைதட்டுவார்கள். யாரோ இருமுவார். நாற்காலி ஒன்று தரையில் இழுபடும். கண்ணாடித் தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். அந்த இரைச்சல் மெல்ல அடங்கும்போது, அதற்காகவே காத்திருந்தவர்போல ஒருவர் கிதாரின் ஒற்றைத் தந்தியைத் தொடுவார். அந்த முதல் சத்தத்துக்காக நானும் என் அண்ணியும், மத்தியானப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரம் காயாத கைகளோடு தரையில் உட்கார்ந்திருப்போம்.

செஞ்சிக் கடைவீதியில் எங்களுடையது மணிலாக் கொட்டை மண்டி; வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். முன்பக்கம் மண்டி, பின்பக்கம் வீடு, நடுவில் ஒரே ஒரு கதவு. அறுபதுகளின் நடுவில் அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தார். கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா சுரங்க ஆபீசில் குமாஸ்தா. அக்கம்பக்கத்தில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள். சாயங்காலமானால் யாராவது ஒரு வீட்டு வாசலில் கிதார் வாசித்துக்கொண்டிருப்பார்கள் என்று சொல்வார். கப்பலில் வேலை பார்த்த அவருடைய தம்பி கல்யாணத்துக்கு ஒரு ரெக்கார்டு பிளேயரையும் அந்த ஒரு ரெக்கார்டையும் கொடுத்திருந்தான். பட்டுப்புடவைகளுக்கு நடுவில் அதைச் சுற்றி எடுத்துவந்திருந்தார். ஜாஸ் என்று அதற்குப் பெயர் என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அப்போது எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டுக் கல்யாணத்துக்காகக் காத்திருந்தேன். எங்கள் இருவருக்கும் வயதில் பெரிய வித்தியாசமில்லை.

கிதார்க்காரரோடு இன்னும் இரண்டு பேர் வாசிப்பார்கள். ஒருவர் ஆளுயரத்துக்கு நிற்கும் வயலினைப் போன்ற ஒன்றை விரலால் மீட்டுவார். அது காதில் கேட்பதற்கு முன்னால் தரையில் கேட்கும். இன்னொருவர் டிரம்மைத் தட்டமாட்டார், தேய்ப்பார். முறத்தில் அரிசி புடைப்பதுபோலச் சன்னமாக ஒரு சத்தம் கூடவே போய்க்கொண்டிருக்கும். இரண்டாவதாக வரும் நிதானமான மெட்டுதான் எங்களுக்கு உயிர். கிதார்க்காரர் மெட்டைத் தொடங்கி, கொஞ்ச தூரம் போனதும் அதை விட்டுவிட்டு எங்கோ இறங்கிப் போவார். தந்தியில் விரல் வழுக்குகிற கீச்சு சத்தம்கூடக் கேட்கும். வாசித்துக்கொண்டே தனக்குள் முனகுவார். “பாரு, வழி தெரியாம போறாரு,” என்பார் அண்ணி. “இரு, வந்துடுவாரு.” நாம் மெட்டை மறந்தே போன நேரத்தில் அவர் சட்டென்று அதன் நடுவில் வந்து நிற்பார். அப்போது கூட்டத்திலிருந்து ஓர் ஆண் குரல், தாங்கமுடியாமல், ஏதோ ஒரு வார்த்தையைச் சத்தமாகக் கத்தும். கச்சேரியில் சபாஷ் போடுவதுபோல. அவருக்கு நாங்கள் சபாஷ்காரர் என்று பேர் வைத்திருந்தோம். அவர் கத்துவதற்கு முன்பே எங்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். ராஜகிரிக் கோட்டை மலையின் பாறைகள் வெயிலைக் குடித்து ஊரையே வேகவைத்துக்கொண்டிருந்த அந்த மத்தியானங்களில், அந்தக் கூடத்து ஆட்களில் நாங்களும் இரண்டு பேர்.

அண்ணனும் கேட்பான். இதை நான் அழுத்திச் சொல்லவேண்டும், ஏனென்றால் என் கோபமெல்லாம் இங்கேதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மண்டி கிடையாது. சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்துகொண்டு, “அந்த பிளேட்ட போடேன்,” என்று அவனே கேட்பான். டிரம்முக்கு ஏற்ப முழங்காலில் விரலால் தட்டுவான். சபாஷ்காரர் கத்தும்போது அவனும் சிரிப்பான். ஒரு நாள், “அந்தாளு குடிச்சிருப்பான் போல இருக்குது,” என்றான். அவனுக்கு எல்லாம் தெரியும்.

எங்களுக்கும் பக்கத்து ஜவுளிக்கடைக்கும் பொதுச்சுவர். ஒரு நாள் சாப்பாட்டு நேரம் கழிந்து ஜவுளிக்கடைக்காரர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு எங்கள் மண்டிக்கு வந்தார். எங்கள் அப்பா, நைனா, கல்லாவில் இருந்தார். அண்ணன் எடை பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்து ஊரான வல்லத்திலிருந்து கொட்டை மூட்டை கொண்டுவந்திருந்த விவசாயிகள் சிலரும் இருந்தார்கள். நானும் அண்ணியும் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றோம்.

“சொல்றதுக்கே சங்கடமா இருக்குது அண்ணே,” என்று ஆரம்பித்தார் ஜவுளிக்கடைக்காரர். சங்கடம் எதுவும் குரலில் இல்லை. “மத்தியானத்துல உங்க வீட்ல ஆம்பளைங்க சத்தம் கேக்குது. சிரிக்கிறானுங்க, கத்துறானுங்க. கிளாஸ் இடிபடுற சத்தம் வேற. மதுவிலக்கு இருக்கிற ஊரு. நீங்க எல்லாம் கடையில இருக்கிறீங்க, உள்ள ரெண்டு பொம்பளைங்க. நாளைக்கு போலீசு கீலீசு வந்தா தெருவுக்கே அசிங்கம்.”

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சபாஷ்காரரைச் சொல்கிறார்! அண்ணன் இப்போது விளக்கிவிடுவான், எல்லோரும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். அண்ணியும் அப்படித்தான் நினைத்திருக்கவேண்டும். அவர் முகத்திலும் சிரிப்பு இருந்தது. நைனா அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். ரெக்கார்டு என்ற ஒரு வார்த்தை போதும். அண்ணன் தராசுத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் சொன்னான்:

“இனிமே அப்படி நடக்காது.”

இனிமே! அப்படியென்றால் இதுவரை நடந்தது என்று அர்த்தம். கட்டிய பெண்டாட்டியை ஊர் ஆண்கள் முன்னால் ஒரே வார்த்தையில் தூக்கிக் கொடுத்துவிட்டான். நான் கதவைத் தள்ளிக்கொண்டு போய், “அது ரெக்கார்டு நைனா, அண்ணனுக்கே தெரியும்,” என்று கத்தினேன். “பொட்டச்சிக்கு இங்க இன்னா வேலை? உள்ள போ,” என்றார் நைனா. நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

திரும்பினேன். அண்ணி அங்கே இல்லை. உள்ளே போயிருந்தவர் ரெக்கார்டு பிளேயரை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். கரண்ட் இல்லாவிட்டாலும் பேட்டரியில் ஓடக்கூடியது அது. மண்டியில் அடுக்கியிருந்த மூட்டைகளின்மேல் அதை வைத்தார். ரெக்கார்டைத் துடைத்தார், எங்கள் வீட்டுக்குள் துடைக்கும் அதே நிதானத்தோடு. ஊசியை வைத்தார். கைதட்டல் எழுந்தது. இருமல், நாற்காலி, தம்ளர்கள். கிதார்.

கொட்டை அளந்துகொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். தெருவில் போனவர்கள் நின்று எட்டிப்பார்த்தார்கள். அண்ணி அவசரப்படவில்லை, முதல் மெட்டு முழுவதும் ஓடி, இரண்டாவதும் தொடங்கி, கிதார்க்காரர் வழி தவறிப் போய்த் திரும்பி வந்து, சபாஷ்காரர் கத்தும்வரை நின்றார். அவர் கத்தியதும் ஊசியைத் தூக்கினார்.

“இவருதான் எங்க வீட்டுக்கு வர்ற ஆம்பள,” என்றார்.

வல்லத்துப் பெரியவர் ஒருவர்தான் முதலில் வாய் திறந்தார். “நல்லாத்தான இருக்குது. ஏம்மா நிறுத்திட்ட?”

எல்லோரும் சிரித்தார்கள். ஜவுளிக்கடைக்காரரும் சிரித்தார். “அட, பிளேட்டா! நான் வேற இன்னமோ நெனச்சிட்டேன்,” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவருக்கு அவ்வளவுதான். நைனா அவருக்கு சோடா வாங்கி வரச் சொன்னார். ஒரு பெண்ணின் மானத்தைக் கடைவீதியில் இழுத்துப்போட்டவனுக்கு சோடா! இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு எரிகிறது.

அண்ணி அண்ணனைப் பார்த்துக் கேட்டார்: “உங்களுக்குத் தெரியும் இல்ல?”

“மானத்த வாங்காத. உள்ள போ.”

“அவரு தெரியாம பேசுனாரு. நீங்க தெரிஞ்சே பேசுனீங்க.”

மறுநாள் காலை பஸ்ஸில் அண்ணி கிளம்பிவிட்டார். ஒரு பெட்டி, ரெக்கார்டு பிளேயர், அந்த ரெக்கார்டு. பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனவள் நான் மட்டும்தான். அழவில்லை அவர். சமாதானம் பேச அவருடைய அப்பா வந்தார். அண்ணி அவரிடம் சொல்லி அனுப்பியிருந்தது ஒரே ஒரு விஷயம். அதே மண்டியில், அதே ஆட்கள் முன்னால், ‘அவ மேல தப்பில்ல, எனக்குத் தெரிஞ்சும் நான் சொல்லல’ என்று அண்ணன் சொல்லவேண்டும். சொன்னால் அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவேன் என்பது. அண்ணன் மாட்டேன் என்றான். “ஆம்பள அவ்ளோ எறங்கிப் போவக்கூடாது,” என்று நைனா ஒத்து ஊதினார். அண்ணி வரவில்லை. தங்கவயலில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகி, அங்கேயே இருந்துவிட்டார். அண்ணன் வேறு கல்யாணம் செய்துகொண்டான்.

அதற்கப்புறம் ஊர் ஒரு கதை கட்டியது. பாட்டுப் பெட்டியைக் கேட்கக் கூடாது என்று சொன்னதற்காகப் புருஷனை விட்டுவிட்டுப் போனவள் என்று. அண்ணன் அதை மறுக்கவே இல்லை. அந்தக் கதையிலும் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு கிழவனானான். ஒரு தடவை நேருக்கு நேராகக் கேட்டேன். “அன்னிக்கு ஏன் சொல்லல?” “வெள்ளைக்காரன் பாட்ட பொண்டாட்டிகூட உக்காந்து கேக்குறேன்னு கடைவீதியில சொல்லச் சொல்றியா? சிரிப்பானுங்க,” என்றான். இவ்வளவுதான். நாலு பேர் சிரித்துவிடுவார்கள் என்பதற்காக.

போன மாதம் அவனுடைய காரியத்துக்குப் போயிருந்தேன். பழைய மண்டி இருந்த இடத்தில் இப்போது மாடி வீடு. உறவுக்காரர் ஒருவர் பிள்ளைகளிடம் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார். ஜவுளிக்கடைக்காரரின் மகனும் அங்கே உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து நின்று, நடந்ததை நடந்தபடி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அண்ணன் சொன்ன ‘இனிமே’ என்ற அந்த வார்த்தையையும் சொன்னேன்.

“அத்தை, அப்பா போயி நாள் ஆவல, இன்னிக்குப் போயி இதெல்லாம் எதுக்கு?” என்றான் அண்ணன் மகன்.

“அவன் சொல்லியிருந்தா நான் சொல்லவேண்டியிருந்திருக்காது,” என்றேன்.

பின்கட்டிலிருந்து ஒருவர் வந்து, இலை போட்டாச்சு, வாங்க என்று கூப்பிட்டார். எல்லோரும் விட்டால் போதும் என்று எழுந்து போனார்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.