வெர்னா சின்னம்மா மேலே ஏறிய நாள்

வெர்னா சின்னம்மா இருபத்தாறு வருடமாகச் சுற்றுலாக்காரர்களைப் பள்ளத்தாக்குக்குள் கூட்டிப் போகிறாள். பழைய ராணுவ லாரியின் பின்புறம் பெஞ்சு போட்டு, ஆற்று மணலிலேயே ஓட்டுவாள். வெள்ளைக் கைத்தடங்கள் பதிந்த குகைக்குக் கீழே வந்ததும் வேகத்தைக் குறைத்து, உதட்டைக் குவித்து மேலே காட்டுவாள். விரல் நீட்ட மாட்டாள். அந்த நாள்வரை ஒருமுறைகூட அங்கே ஏறியதில்லை. எங்களுக்கு முன்பு இங்கே வாழ்ந்த பழைய ஆட்கள் அங்கேயே புதைந்து கிடக்கிறார்கள். செத்தவர்களின் இடத்துக்கு நவஹோப் பழங்குடியினராகிய நாங்கள் போவதில்லை. பிள்ளைத்தாய்ச்சிகள் அந்தப் பக்கம் பார்க்கவே கூடாது.

நான் அப்போது மூன்று மாதம். யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான், அதுவும் உயிரியலில். கோடை வேலைக்கு அந்த லாரியில் ஏறியபோது, பார்ப்பதால் கருவுக்கு என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். ஆனாலும் குகை வரும்போதெல்லாம் குனிந்து செருப்பைச் சரிசெய்தேன்.

அன்று ஒஹாயோவிலிருந்து வந்த ஹேங்க், லோயிஸ் என்ற வயதான தம்பதி மட்டும்தான். ஹேங்க் கேமராவை இறக்கவே இல்லை.

"அந்தம்மா கீழ விழுந்தாலும் போட்டோ எடுத்துட்டுத்தான் தூக்குவாரு போல" என்றாள் சின்னம்மா எங்கள் மொழியில்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாந்திதான் வந்தது.

"நிறுத்து சின்னம்மா."

"ஈர மணல்டி. இங்க நிறுத்தக் கூடாது."

"முடியல, நிறுத்து!"

நிறுத்தினாள். நான் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்புவதற்குள் பின்சக்கரங்கள் பாதி புதைந்திருந்தன. அவள் எஞ்சினை உறுமவிட்டாள். இன்னும் புதைந்தது. எங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருந்தது. கிழக்கே மலைமேல் மட்டும் மழைக் கருமை. பிறகு அந்தச் சத்தம் கேட்டது, கற்கள் ஒன்றோடொன்று மோதி உருளும் சத்தம்.

சின்னம்மா எஞ்சினை அணைத்தாள். "எறங்குங்க. மேல ஏறுங்க, ஓடுங்க!"

சரிந்து கிடந்த பாறைகளில் தம்பதியர் தவழ்ந்து ஏறினார்கள். அந்தச் சரிவு கைத்தடக் குகையில் போய் முடிந்தது. வேறு மேடு கிடையாது. பாதியில் என் கால்கள் நின்றுவிட்டன. வளைவைத் தாண்டி, சுள்ளிகளைத் தள்ளிக்கொண்டு வெள்ளத்தின் பழுப்பு நுரை வந்தது.

"ஏறு, கழுத!"

"என்னால முடியாது. நான்..."

அவள் என் முகத்தைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள்.

"எத்தன மாசம்?"

"மூணு."

"லாரியில ஏறும்போதே சொல்றதுக்கு என்னடி?"

கழுத்துத் துணியை அவிழ்த்து என் கண்களை இறுக்கிக் கட்டினாள். என் இடுப்பைப் பிடித்துத் தள்ளியபடியே ஏற்றினாள். கால்களுக்கடியில் நிழலின் குளிர்ச்சி தட்டியதும் என்னை வெளிப்பக்கம் பார்க்க உட்கார்த்தி, தான் உள்பக்கமாக, எனக்கும் அந்தப் பழைய ஆட்களுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். வேண்டும்போது தூவும் சோள மகரந்தப் பையின் சுருக்கை இழுப்பது கேட்டது. முணுமுணுத்தாள். கீழே லாரி பாறையில் மோதும் சத்தம் வந்தபோதும் நிறுத்தவில்லை.

ஹேங்க் மெதுவாக, "அங்கே ஒரு குழந்தையின்..." என்று தொடங்கினார்.

"சொல்லாதீங்க!" என்று ஆங்கிலத்தில் கத்தினாள். அவள் வாடிக்கையாளரிடம் கத்தி நான் கேட்டது அன்றுதான்.

சாயங்காலத்துக்குள் தண்ணீர் வடிந்தது. லாரி வெகுதூரம் தள்ளிக் கவிழ்ந்து கிடந்தது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாளே, பாடிச் சடங்கு நடத்தும் மந்திரப் பாடகரைத் தேடிப் போனாள். எனக்கான சடங்கு நடந்துவிட்டது. அவளுக்கானதைக் குளிர்காலத்தில்தான் செய்ய முடியுமாம்; அதுவரை செத்தவர்களின் தீட்டு அவளோடு இருக்குமாம்.

"நீ கண்ண மூடியிருந்த. நான்தான் எல்லாத்தையும் பாத்தேன்" என்றாள்.

என்ன பார்த்தாள் என்று கேட்டேன். எழுந்து வெளியே போனாள். நான் படித்ததிலிருந்து அவளுக்கு ஏதாவது சொல்ல முடியுமா என்று தேடுகிறேன். எதுவும் கிடைக்கவில்லை. அப்படி ஒன்று எனக்கே தேவைப்படுகிறது.

போன வாரம் ஸ்கேன் படத்தைக் காட்டி, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றேன். அவள் முகம் மலர்ந்தது. கை என் வயிற்றை நோக்கி வந்தது. தொடுவதற்கு ஒரு சாண் இருக்கையில் அதை இழுத்துத் தன் பாவாடை மடிப்புக்குள் வைத்துக்கொண்டாள்.