மகள் வருவதற்காகச் சேர்த்த சாமான்கள்

எங்கள் வீட்டில் கடையில் புதிதாக வாங்கிய சாமான் என்று இரண்டுதான் உண்டு. ஒன்று விளக்குமாறு. இன்னொன்று கொச்சி பிராட்வேயில் வாங்கிய, மஞ்சள் பூப்போட்ட ஒரு படுக்கை விரிப்பு. மற்றபடி கட்டில், பீரோ, மேசை, மின்விசிறி, ஃபிரிட்ஜ் எல்லாமே யாரோ ஒருவர் வேண்டாமென்று விட்டுப் போனவை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மட்டாஞ்சேரியில் பழசு வாங்க வெட்கப்பட்டால் பாதிப் பேர் வெறுந்தரையில்தான் உட்கார வேண்டும். என் வெட்கம் வேறொன்றில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தச் சாமான்களை நான் சேர்த்தது என் மகளுக்காக. அவளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது, கம்பத்தில் என் வீட்டுக்காரரின் அக்காவிடம் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் கொச்சிக்கு வந்தோம். அவருக்கு மட்டாஞ்சேரியில் ஒரு ஓட்டலில் பரோட்டா மாஸ்டர் வேலை. எனக்குச் சுக்கு தரம் பிரிக்கும் கிடங்கில் வேலை. தங்குவதற்கு ஓட்டல்காரர் கொடுத்தது சமையல்கட்டுக்குப் பின்னால் ஒரு அறை. பாதி அறையில் எங்கள் படுக்கை, மீதிப் பாதியில் காஸ் சிலிண்டர்களும் வெங்காய மூட்டைகளும். அங்கே பிள்ளையை வைத்துக்கொள்ள முடியாது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அவருடைய அக்காவை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். மதினியின் இரண்டு பையன்களும் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். அதனால் பிள்ளையைச் சந்தோஷமாகவே வாங்கிக்கொண்டார். "நல்ல வீடா அமையட்டும், அப்புறம் கூட்டிட்டுப் போங்க. எங்க ஓடிப் போகப் போறா?" என்றார்.

இரண்டு வருஷம் கழித்து வீடு அமைந்தது. பஜாரிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், மாடியில் ஒரு அறையும் சமையலறையும். மரப்படி செங்குத்தாக ஏறும். ஜன்னலைத் திறந்தால் கிடங்குகளின் ஓட்டுக்கூரை தெரியும், காற்றடித்தால் மிளகு நெடியில் தும்மல் வரும். குடிபோன அன்று எங்களிடம் இருந்தது ஒரு பாய், ஒரு அடுப்பு, நாலைந்து பாத்திரம். அது மே மாதம். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்.

"போய்ப் பிள்ளையக் கூட்டிட்டு வந்துரலாமா?" என்று அவர் கேட்டார்.

"இந்தப் பாய்லயா அவளப் படுக்கப் போடுவீங்க? உங்கக்கா வீட்ல கட்டில் இருக்கு, டிவி இருக்கு. இங்க வந்து என்னத்தப் பாப்பா?"

"நம்மளப் பாப்பா."

நான் கேட்கவில்லை. மதினி ஒருநாள் வந்து பார்த்து, இதற்குத்தானா இவ்வளவு அவசரம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என் மானம் போய்விடும் என்று நினைத்தேன். மதினி அப்படிச் சொல்கிறவரே அல்ல. அவர் சொல்லாததையெல்லாம் அவர் சொன்னதாக வைத்துக்கொண்டு, சுக்கைப் பொறுக்கிக்கொண்டே மனதுக்குள் சண்டை போட்டவள் நான்தான். அடுத்த ஜூனில் கூட்டி வரலாம் என்று சொல்லிவிட்டேன். அவரும் சரி என்று மாவு பிசையப் போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் பழைய சாமானுக்கு இரண்டு விதமான கடைகள் உண்டு. வெளிநாட்டுக்காரர்கள் நடமாடும் தெருவில் இருப்பவை ஒரு விதம். அங்கே கால் உடைந்த நாற்காலிக்கு விலை கேட்டாலே தலை சுற்றும். நூறு வருஷப் பழசு என்றால் கொண்டாட்டம். பத்து வருஷப் பழசு என்றால் சீந்த ஆளில்லை. அப்படிச் சீந்தப்படாதவை எல்லாம் வந்து சேரும் கடை பின்சந்தில் இருந்தது. அதன் முதலாளி வயதான ஒரு முஸ்லிம் பெரியவர், எல்லோருக்கும் 'இக்கா', அதாவது அண்ணன். வேலை முடிந்து, சேலையெல்லாம் சுக்குத்தூசியோடு நான் அந்த வழியாகத்தான் வருவேன்.

"சேச்சி, ஈ கட்டில் நோக்கு. ஹோம்ஸ்டேல நின்னு வந்நதாணு. ஒரு கேடும் இல்லா" என்பார். ஏதோ சுற்றுலா விடுதியிலிருந்து வந்த கட்டில் என்று அர்த்தம்.

நான் காலை ஆட்டிப் பார்ப்பேன். அடியில் குனிந்து கரையான் இருக்கிறதா என்று பார்ப்பேன். மூக்கைச் சுளித்துவிட்டுப் போய்விடுவேன். மூன்று நாள் கழித்து வந்து பாதி விலைக்குக் கேட்பேன். தமிழ்நாட்டுச் சேச்சிமாரோடு பேசி ஜெயிக்க முடியாது என்று அவர் தலையில் கை வைத்துக்கொள்வார். அவருக்கும் அது ஒரு பொழுதுபோக்கு என்று நினைக்கிறேன். கடைசியில் சாயா வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்புவார்.

கட்டில் எங்கள் மரப்படியில் ஏறவில்லை. கழற்றி, கிடங்குச் சுமைக்காரர்கள் இரண்டு பேரை வைத்து ஜன்னல் வழியாகக் கயிற்றில் ஏற்றினோம். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. ஆனால் ஜூன் வந்தபோது, துணி வைக்கப் பீரோ இல்லையே என்று தோன்றியது. கொடியில் துணி தொங்குகிற வீட்டில் பெண்பிள்ளை எப்படி இருப்பாள்? கலூரில் ஒரு பெண்கள் விடுதியை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அங்கிருந்து இரும்பு பீரோவைக் கொண்டுவந்தோம். உப்புக்காற்றில் அது துருவேறிக்கொண்டே இருந்தது. அவர் லீவு நாளெல்லாம் உட்கார்ந்து தேய்த்து, பச்சைப் பெயிண்ட் அடித்தார்.

அந்தத் தீபாவளிக்கு ஊருக்குப் போனால், மதினி வீட்டில் ஃபிரிட்ஜ் வந்திருந்தது. மகள் அதிலிருந்து எனக்குக் குளிர்ந்த தண்ணீர் எடுத்துவந்து கொடுத்தாள். அதைக் குடித்து முடிப்பதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன். ஆலுவாவில் ஒருவர் விற்ற ஃபிரிட்ஜை வாங்கி வந்து மாட்டினோம். அது ஓடினால் மாடியே அதிரும். அதற்குள் மூன்றாவது ஜூனும் போய்விட்டது. பிள்ளையைக் கூட்டி வரலாமா என்று கேட்பதை அவர் அந்த வருஷம் நிறுத்தியிருந்தார். நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

உண்மையைச் சொல்கிறேன், அந்த வருஷங்களில் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். பிள்ளைக்குத் தலை பின்னிவிடவில்லை, காய்ச்சலுக்குக் கஷாயம் வைக்கவில்லை. பீரோவுக்குப் பேரம் பேசினேன். அதையே தாயாக இருப்பது என்று நினைத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் என்னையே இரண்டு அறை அறையலாம் போலிருக்கிறது.

கடைசியாக வாங்கியது படிக்கிற மேசை. கலூரில் ஒரு அடுக்குமாடி வீட்டில், கனடாவுக்குப் போகிற ஒரு நர்ஸ் குடும்பம் எல்லாவற்றையும் விற்பதாக இக்காதான் சொல்லியனுப்பினார். நாங்கள் போனபோது வீடு முக்கால்வாசி காலியாக இருந்தது. ஓர் அறையில் மட்டும் சின்ன மேசையும், அதன்மேல் கவிழ்ந்து அழுதுகொண்டிருந்த எட்டு வயதுப் பெண்ணும். மேசை முழுக்க ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாள்.

"மோள்டெ மேசையாணு. அவள்க்கு விடான் மனசில்லா" என்று அந்தத் தாய் சிரித்தாள். பிறகு என்னிடம், "நிங்ஙள்டெ மோள்க்கா?" என்று கேட்டாள்.

"ஆமா. மகளுக்குத்தான்."

"எத்ர வயசு?"

"பத்து."

"கூட்டியிட்டு வராமாயிருந்நில்லே? அவளும் கண்டோட்டெ." கூட்டி வந்திருக்கலாமே, அவளும் பார்க்கட்டுமே என்றாள்.

"ஊர்ல இருக்கா. வீடு சரியானதும் வருவா."

"எத்ர நாளாயி?"

"அஞ்சு வருஷம்."

அவள் தன் மகளை மேசையிலிருந்து எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். இடுப்பில் வைக்கிற வயதா அது? பிறகு நான் கேட்காமலே விலையைக் குறைத்தாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு பொருளுக்கு விலை குறைந்ததற்காக நான் கோபப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான். குட்டி யானை வண்டியில் மேசையைப் பிடித்துக்கொண்டு வரும் வழியெல்லாம் அந்த நர்ஸைத் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டுக்காரருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்திருந்தது. அவர்கள் மேசையை விட்டுவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். நாங்கள் பிள்ளையை விட்டுவிட்டு மேசையைத் தூக்கிக்கொண்டு வருகிறோம். மறுநாளே மதினிக்குப் போன் செய்து, பரீட்சை முடிந்ததும் பிள்ளையை அனுப்பிவிடுங்கள், இனி இங்கேதான் படிப்பு என்று சொன்னேன். சொன்ன தொனியில் ஒரு சண்டை இருந்தது. மதினி "சரித்தா" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்காரர் போய்க் கூட்டி வந்தார். குமுளி வழியாகப் பஸ்ஸில் வந்த களைப்போடு மகள் மரப்படி ஏறி உள்ளே வந்தாள். நான் ஒவ்வொன்றாகக் காட்டினேன். கட்டில், மஞ்சள் விரிப்பு, அவளுக்கென்று காலண்டர் தாள் விரித்து வைத்திருந்த பீரோத் தட்டு, மேசை. அவள் எல்லாவற்றையும் பார்த்து, "நல்லாருக்கும்மா" என்றாள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சொன்னாள்.

அதன்பிறகு, "ஃபேன் போட்டுக்கட்டுமா?" என்று கேட்டாள். "தண்ணி எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். சாப்பிட்ட தட்டை நான் தடுக்கத் தடுக்கக் கழுவி வைத்தாள். என்னை 'நீங்க' என்றாள். அத்தையிடம் போனில், "நீ மாத்திரை போட்டியா? சும்மா சொல்லாத" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என்னை அதட்ட மாட்டாளா என்று ஏக்கமாக இருந்தது.

அவள் துணியெல்லாம் கொண்டுவந்த பையிலேயே இருந்தது. பை கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. எடுப்பாள், உடுத்துவாள், துவைத்துக் காய்ந்ததும் மடித்து மறுபடி பைக்குள் வைப்பாள். எட்டு நாள் பொறுத்தேன். ஒன்பதாம் நாள் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"இந்தப் பீரோ யாருக்குன்னு நெனச்ச? இந்தக் கட்டில் யாருக்கு? தொட மாட்டியா? தொட்டா ஒட்டிக்குமா?"

அவள் பயந்துவிட்டாள். "இல்லம்மா. எனக்குக் கட்டில் பழக்கமில்ல. அங்க மாமாதான் கட்டில்ல படுப்பாரு. நானும் அத்தையும் கீழ பாயிலதான்."

ஐந்து வருஷத்தில் தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் எத்தனை தரம் போயிருப்பேன், என் பிள்ளை எதில் படுக்கிறாள் என்று பார்த்து வைக்கவில்லை. அந்த வீட்டில் என்னென்ன சாமான் இருக்கிறது என்றுதான் பார்த்து வந்திருக்கிறேன்.

"முன்னாடியே வந்திருக்கலாம்ல கண்ணு?" என்று கேட்டேன். அது எவ்வளவு அநியாயமான கேள்வி என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது.

"வர்றதுக்கு ரெடியாத்தான் இருந்தேன். வீடு பாத்தாச்சுன்னு அப்பா போன்ல சொன்னாங்கல்ல, ரெண்டாங்கிளாஸ் படிக்கிறப்ப. நான் பையெல்லாம் எடுத்து வச்சுட்டேன். கொச்சிக்குப் போறேன்னு டீச்சர்கிட்டகூடச் சொல்லிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் பள்ளிக்கூடம் தொறந்திருச்சு. அத்தை துணியெல்லாம் எடுத்து உள்ள வச்சிட்டாங்க."

அவள் குறையாகச் சொல்லவில்லை. என்றோ நடந்த ஒன்றைச் சொல்வது போலத்தான் சொன்னாள். குறையாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன், இரண்டு பேரும் அழுதிருப்போம், பாரம் குறைந்திருக்கும்.

இரண்டு நாள் நான் அவளிடம் ஒன்றும் பேசவில்லை. அவரிடமும் பேசவில்லை. கிடங்கில் சுக்கு தரம் பிரிக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தால் தூசி என்று சொல்லிக்கொள்ளலாம், அந்த வசதி இருந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது பற்றி விசாரித்தபோது, மலையாளம் எழுதப் படிக்கத் தெரியாமல் ஆறாம் வகுப்பில் சிரமப்படுவாள் என்றார்கள். ஏழு வயதில் வந்திருந்தால் சந்தில் விளையாடியே கற்றுக்கொண்டிருப்பாள். ஆனாலும் என் பிள்ளை, என் வீடு, நான் பெற்றவள் என்று மனது அடம்பிடித்தது. சிரமப்பட்டால் படட்டும், நாலு மாதத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். இருக்கச் சொன்னால் அவள் இருந்துவிடுவாள் என்றும் எனக்குத் தெரியும். எதிர்த்துப் பேசுகிற பிள்ளை இல்லை அவள். அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

மறுநாள் மத்தியானம், மேசையருகே நின்று ஸ்டிக்கர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நேரடியாகவே கேட்டேன்.

"இங்க இருக்கியா, அத்தைகிட்டப் போறியா? உனக்கு எது வேணுமோ அதச் சொல்லு."

அவள் ஒரு ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டே, "போறேன்னு சொன்னா கோவிச்சுக்குவீங்களா?" என்று கேட்டாள்.

என்னிடம் ஆயிரம் சொல் இருந்தது. எல்லாமே இந்த வீட்டுச் சாமான்களைப் பற்றியது. ஒன்றையும் எடுக்கவில்லை.

"இல்லடா. கோவிச்சுக்க மாட்டேன். ஞாயித்துக்கெழம அப்பா கொண்டுபோய் விடுவாரு" என்றேன்.

வந்த நாளிலிருந்து ஒரு தரம்கூட என்னைத் தொடாத பிள்ளை, பாய்ந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவள் தலை என் தோளுக்கு எட்டியது. நானும் அவளைப் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் அப்படியே நின்றேன்.