சனிக்கிழமை ஜோடிகள்

ஓய்வு பெற்றவளுக்கு நேரம் நிறைய இருக்கும் என்று சொல்கிறவர்கள் எல்லாரும் இன்னும் வேலையில் இருப்பவர்கள். வலயக் கல்வி அலுவலகத்துக் கோப்புகளோடு வாழ்ந்து முடித்துவிட்டு வந்த எனக்கு ஒரே ஓர் ஆசைதான் மிச்சம் இருந்தது: சனிக்கிழமை காலையில் எந்த பஸ்ஸையும் பிடிக்காமல் கம்பளிக்குள் கிடப்பது. அதைக் கெடுத்தது ஒரு நடனம்.

கொழும்புத் தொண்டு நிறுவனம் ஒன்று தலவாக்கலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஜோடி நடன வகுப்பு நடத்த விரும்பியது. ஜோடியில் ஒருவர் பள்ளிக்கூடப் பிள்ளை, மற்றவர் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவர். பிள்ளைக்குக் கூச்சம் போகுமாம். முதியவருக்கு மூட்டு அசையுமாம், தனிமை குறையுமாம். நல்ல யோசனைதான். நல்ல யோசனைகளுக்குத்தான் கடிதங்கள் அதிகம் தேவைப்படும். மண்டபத்துக்குத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி, பிள்ளைகளுக்கு வலயப் பணிப்பாளரின் அனுமதி, பெற்றோரின் சம்மதம், வயதானவர்களுக்கு வைத்தியச் சான்று. யாருக்கு எழுதி யாருக்குப் பிரதி போட்டால் கடிதம் மேசையில் தூங்காது என்று தெரிந்த ஆளைத் தேடியிருக்கிறார்கள். யாரோ என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார்கள். அனுமதிகள் எல்லாம் வந்து சேர்ந்தன. அத்தோடு விடுவார்கள் என்று நினைத்தேன். "மிஸ்தான் ஒருங்கிணைப்பாளர்" என்றார்கள். சம்பளமில்லாத பதவிகளுக்குத்தான் இவ்வளவு நீளமான பெயர் வைப்பார்கள்.

முதல் சனிக்கிழமை மழை. பயிற்சி கொடுக்க வந்தது கொஞ்சம் தமிழ் பேசத் தெரிந்த சிங்களப் பெண். "எல்லாரும் ரெண்டு லைன்ல நில்லுங்க" என்றாள். பிள்ளைகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். பெரியவர்கள் அசையாமல், பேசாமல், நேராக நின்றார்கள். பாட்டுப் போட்டும் யாரும் நகரவில்லை. அவள் என்னைப் பார்த்தாள், நான் அவர்களைப் பார்த்தேன். ஓய்வு பெற்ற கங்காணி ஒருவர்தான் கடைசியில் வாயைத் திறந்தார்.

"பேர் கூப்புடுங்க மிஸ். பேர் கூப்புடாம எந்தப் பெரட்டுல ஆள் கலைஞ்சிருக்கு?"

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு என்று நினைத்துத்தான் அத்தனை பேரும் நின்றிருந்தார்கள். நான் பெயர்களை வாசித்தேன். ஒவ்வொருவராக வந்து ஒரு பிள்ளையின் பக்கத்தில் நின்றார்கள். வாழ்நாள் முழுவதும் அலுவலகத்தில் வருகைப் பதிவு எடுத்தவளுக்கு அந்த ஒரு காலை மட்டும் பிடித்த வேலை கிடைத்தது.

கடைசியாக வந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தார். கொழுந்து பறித்து ஓய்ந்த அம்மா. போன வருடம் மழையில், கக்கூசுக்கு இறங்கும் கல் படியில் விழுந்து இடுப்பு முறிந்தவர். எலும்பு கூடிவிட்டது, தைரியம் கூடவில்லை. அவருக்கு ஜோடியாக வாய்த்தது ஏழாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி. வகுப்பில் வாயே திறக்காதவள் என்று அவளுடைய பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அரை மணி நேரத்தில் அவள் அந்த அம்மாவை அதட்டிக்கொண்டிருந்தாள். எதை வைத்து அப்படி எழுதினார்களோ தெரியவில்லை.

"அம்மாயி, கீழ பாக்காதீங்க. என்னையப் பாருங்க."

"ஒன்னையப் பாத்தா காலு எங்க போவுதுன்னு யாரு பாக்குறது?"

"நான் பாக்குறேன்ல!"

அன்றைக்கே அந்த அம்மாவின் மகன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு கடையில் வேலை செய்பவர். மனைவிக்கும் அங்கேயே வேலை கிடைத்துவிட்டது. டிசம்பரில் பிள்ளைகளோடு போகிறார்கள்.

"எங்களுக்கு அங்க ஒரே ரூம் மிஸ், அதுவும் மூணாம் மாடி. அம்மாவக் கூட்டிட்டுப் போக வழியில்ல. பக்கத்து வீட்டுக் காம்பராவுல சின்னம்மா மக இருக்கு, சோறு குடுத்துரும். ஆனா கக்கூசுக்கு இவங்க தனியா எறங்கி ஏறணும். முடிஞ்சா இருக்கட்டும். முடியலன்னா கண்டிப் பக்கம் வயசானவங்க இல்லம் ஒண்ணு பேசி வச்சிருக்கேன். பேப்பர் வேலையெல்லாம் மிஸ்ஸுக்குத் தெரியும்னு சொன்னாங்க."

தெரியும். அதுதான் என் தலையெழுத்து. "வகுப்பு முடியும்போது ஒரு கலை நிகழ்ச்சி வைக்கிறோம். அது முடியட்டும், பார்ப்போம்" என்றேன். அலுவலகத்தில் எதையும் மறுக்க முடியாதபோது நாங்கள் எழுதும் பதில் அது. நாங்கள் பேசியது காதில் விழாத மாதிரி அந்த அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். விழுந்திருந்தது.

நடனத்தில் முன்னுக்கு இரண்டு அடி, பின்னுக்கு இரண்டு அடி. முன்னுக்கு எல்லாரும் வந்தார்கள். பின்னுக்கு ஒருவரும் போகவில்லை. "பின்னுக்கு, அம்மா, பின்னுக்கு, பயம் வேணாம்" என்று பயிற்சிக்காரப் பெண் கெஞ்சினாள். அவர்கள் நின்ற இடத்திலேயே உடம்பை மட்டும் ஆட்டினார்கள். என் அம்மாவும் கொழுந்துக்காரியாக இருந்ததால் எனக்குக் காரணம் புரிந்தது. தேயிலை மலையில் கூடையோடு நிற்கிறவள் பின்னால் கால் வைக்க மாட்டாள். பின்னால் தண்ணீர் ஓடும் கான் இருக்கும், இல்லாவிட்டால் சரிவு இருக்கும். வேண்டுமானால் முழுதாகத் திரும்பி நடப்பாள். இதைச் சொன்னேன். அந்தப் பெண் கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்து யோசித்துவிட்டு நடனத்தையே மாற்றினாள். பின்னுக்குப் போகிற அடியெல்லாம் பிள்ளைகளுக்கு. பெரியவர்கள் எப்போதும் முன்னுக்குத்தான் வருவார்கள். பிள்ளைகள் பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டார்கள். கங்காணிக்கு அதில் தனிச் சந்தோஷம்.

"இம்புட்டு வருசமா நாங்க தொரையப் பாத்து பின்னால போனோம். இப்ப எங்களப் பாத்து ஒரு ஆளு பின்னால போகுது!"

அப்புறம் எல்லாச் சனிக்கிழமையும் ஒரே மாதிரி. பிந்தி வரும் பஸ், ஈரக் குடை, என் முழங்கால் வலி. தேநீரோடு கொடுக்கும் மீன் வைத்த மாலு பணிஸ் போதவில்லை என்று ஒரு சண்டை. ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை என்று இன்னொன்று. எத்தனை பேர் பயனடைந்தார்கள் என்று கொழும்பிலிருந்து வாரம் தவறாமல் கேட்பார்கள். பயனை எப்படி அளப்பது என்று நானும் வாரம் தவறாமல் கேட்பேன். இருவருக்கும் பதில் வராது. ஆனால் அந்த அம்மா சுவரைப் பிடிப்பதை விட்டுவிட்டார். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மண்டபத்தை முழுவதும் சுற்றி வந்தார்.

தீபாவளி கழிந்து கலை நிகழ்ச்சி. தோட்டத்து ஆட்கள் மண்டபம் நிறைய வந்திருந்தார்கள். மகன் முன்வரிசையில் கை கட்டி உட்கார்ந்திருந்தார். அம்மா மெரூன் நிறச் சேலையில், பிள்ளையின் கண்ணையே பார்த்தபடி, ஒரு தடவைகூடத் தரையைப் பார்க்காமல் ஆடினார். கைத்தட்டல் அடங்க நேரமானது. நான் மகன் பக்கத்தில் போய் நின்றேன். பெருமையாகத்தான் போனேன்.

"நல்லா ஆடுறாங்க மிஸ்" என்றார் அவர். "ஆனா அந்தப் புள்ள கையப் புடிச்சிருக்கே. நாங்க போன பொறகு ராத்திரில கக்கூசுக்கு எறங்க யாரு கையப் புடிப்பா?"

அதற்கான பதில் எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. ஜோடி நடனம் என்றால் ஜோடி இருக்கவேண்டும். இதை யோசிக்க எனக்கு ஒரு பள்ளித் தவணை முழுவதும் இருந்தது.

அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. பிள்ளையின் கையை விட்டுவிட்டு அவர் வாசலைப் பார்த்து நடந்தார். மெதுவாக, ஆனால் எதையும் பிடிக்காமல். மண்டபத்துக்கு வெளியே தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்கு இறங்கும் கல் படி. காலையில் பெய்த மழையில் பாசியெல்லாம் வழவழவென்று கிடந்தது.

"அம்மாயி, வழுக்கும்! இருங்க!" பிள்ளை ஓடினாள்.

"நீ சும்மா இரு குட்டி. ஆடுனது போதும்."

சேலையை முழங்காலுக்கு மேலே இழுத்துச் செருகினார். மேல்படியில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் பக்கத்தில் ஊன்றி, இடுப்பைத் தூக்கி, அடுத்த படியில் வைத்தார். அப்புறம் அடுத்தது. மழைக் காலத்தில் செங்குத்தான மலையில் கொழுந்துக்காரிகள் இப்படித்தான் இறங்குவார்கள். யாரும் பார்க்காத இடத்தில். இவர் தோட்டமே பார்க்க இறங்கினார். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

"எவன்டா சிரிக்கிறது?" என்றார் கங்காணி. சிரிப்பு நின்றது.

கீழே போய், சுவரைப் பிடித்து எழுந்து நின்று, மூச்சு வாங்கி, மேலே பார்த்தார்.

"டேய்! எறங்கிட்டேனா இல்லையா?"

மகன் படியின் மேலே நின்றார். முகம் சிவந்திருந்தது. "அப்ப மேல எப்புடி வருவீங்க?"

"நாலு காலுல வருவேன். ராத்திரில எவன் பாக்கப் போறான்?"

சொன்னபடியே வந்தார். கையும் முழங்காலும் ஊன்றி, ஒவ்வொரு படியாக. பாதியில் மகன் இறங்கப் போனார். "வராத" என்றார் அம்மா. மகன் அங்கேயே நின்றுவிட்டார். மேல்படிக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அம்மா கையை நீட்டினார், மகன் தூக்கிவிட்டார்.

"சேலையெல்லாம் சேறு!" என்று பிள்ளைதான் முதலில் கத்தினாள். "அது எங்க அம்மா சேலை!"

"தொவச்சுத் தாரேன்டி, கத்தாத."

மகன் கொஞ்ச நேரம் தாயின் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கையில் தோல் உரிந்திருந்தது. "பொங்கல் வரைக்கும் பாப்போம்" என்றார், யாரையும் பார்க்காமல்.

நிறுவனத்துக்கு நிதி முடிந்தது, வகுப்பு நின்றது. நீடிக்கச் சொல்லி முறைப்படி மூன்று இடத்துக்கு எழுதினேன். முறைப்படியே பதில் வரவில்லை. சனிக்கிழமைகள் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டன. கம்பளிக்குள் கிடந்தால் முழங்கால் இன்னும் அதிகமாக வலிக்கிறது.

பொங்கலும் போய்விட்டது. அம்மா காம்பராவில்தான் இருக்கிறார். மகன் கொழும்பிலிருந்து இடைக்கிடை என்னோடு தொலைபேசியில் பேசுவார்; மழை பெய்கிறதா என்று கேட்பார், பஸ் ஓடுகிறதா என்று கேட்பார். இல்லத்துப் பத்திரங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. நானும் நினைவூட்டவில்லை. நினைவூட்டல் கடிதம் அனுப்புவது என் வேலையாக இருந்த காலம் முடிந்துவிட்டது.