படகில் கிடந்த மணலின் வயது

எங்கள் தெருவில் மணலின் வயது தெரிந்த வீடு எங்களுடையது ஒன்றுதான். கடலோரத் திருவேட்டக்குடியில் மணலுக்குப் பஞ்சமில்லை. சோற்றிலும் அது, பாயிலும் அது, படிக்கிற புத்தகத்தின் நடுப்பக்கத்திலும் அது. ஆனால் அதற்கு என்ன வயது என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டவள் நான். படிப்பின் மேல் இருந்த ஆசையால் கேட்டேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

எனக்குப் பத்து வயது நடந்த ஐப்பசியில், ஒரு செவ்வாய்க்கிழமை விடிவதற்கு முன், அப்பா தனியாக ஃபைபர் போட்டைத் தள்ளிக்கொண்டு போனார். காற்று சரியில்லை, யாரும் இறங்க வேண்டாம் என்று முதல் நாளே ஊரில் சொல்லியிருந்தார்கள். ஆனால் அப்பாவின் வலை கடலில் கிடந்தது. கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான், ஒரு மணி நேரத்தில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னாராம். அவர் போன கொஞ்ச நேரத்தில் பிடித்த காற்று மூன்று நாள் விடவில்லை. தேடப் போகக்கூட எந்தப் படகையும் அலை தாண்டவிடவில்லை. சனிக்கிழமை கோடியக்கரைப் பக்கம் எங்கள் போட்டைக் கண்டு கட்டி இழுத்து வந்தார்கள். பாதி வலை உள்ளே கிடந்தது. மீதி அறுந்திருந்தது. அப்பா இல்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இருந்த ஒரே வழக்கு, அவர் என்றைக்குப் போனார் என்பது. இறந்தது செவ்வாய்க்கிழமையா, சனிக்கிழமையா, நடுவில் உள்ள மூன்றில் ஒன்றா? நாள் தெரிந்தால்தான் திதி. திதி தெரிந்தால்தான் வருஷா வருஷம் தெவசம். நாள் தெரியாமல் கடலில் போனவர்களுக்கு அமாவாசையில் வைத்துச் செய்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன், அதைத்தான் சொன்னார். அவர் அவசரத்துக்குக் காரணமும் இருந்தது. அத்தைக்குப் பூவத்தில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். அண்ணனுக்குக் கருமாதி முடியாத வீட்டில் தங்கைக்கு எப்படித் தாலி கட்டுவது?

அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. அமாவாசை ஊரில் உள்ள எல்லாச் செத்தவர்களுக்கும் பொது, அந்தக் கூட்டத்தில் நிற்க வைத்து என் புருஷனுக்குச் சோறு போட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பெரியப்பா ஊர்ப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு வந்து பேசிப் பார்த்தார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றபடியே ஒன்றைத்தான் சொன்னாள்.

"ஆளக் கொண்டாங்க. இல்லன்னா நாளக் கொண்டாங்க."

வந்தவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டே இருந்தாள். தெருவில் பெண்கள் அந்தப் பொட்டைப் பார்க்காமல் பேசப் பழகிக்கொண்டார்கள். எனக்கு அந்தப் பொட்டு இருக்கிறவரை அப்பாவும் எங்கேயோ இருந்தார்.

பொங்கலுக்கு மாமா வந்தார். அம்மாவின் தம்பி. வெகு தூரத்து ஊரில் பாறைகளை ஆராய்கிற ஒரு கூடத்தில் வேலை. ஆராய்கிறவர் அவரில்லை. வருகிற கல்லை உடைத்து, பொடித்து, அலசி, அதில் கிடக்கிற பளபளப்பான பொடி மணிகளைப் பொறுக்கிக் கொடுக்கிறவர். கல்லே இல்லாத ஊரில் பிறந்துவிட்டுக் கல் உடைக்கப் போனாயே என்று எல்லோரும் கேலி செய்வார்கள். அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைதான். சிர்கான் என்று ஒரு மணி இருக்கிறதாம். கல் உருகி உறைகிற காலத்தில் அது யுரேனியத்தை வயிற்றில் வைத்து மூடிக்கொள்ளுமாம். மூடியதிலிருந்து அந்த யுரேனியம் ஒரே வேகத்தில், கூடாமல் குறையாமல், ஈயமாக மாறிக்கொண்டிருக்குமாம். எது எவ்வளவு என்று மெஷினில் அளந்தால் கல் பிறந்த காலம் தெரிந்துவிடும். அந்த மணி நம் கடற்கரை மணலிலும் கிடக்கிறது என்று போகிற போக்கில் சொன்னார்.

அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் எழுந்து கொல்லைக்குப் போனேன். அங்கே இழுத்துப் போட்டிருந்த போட்டின் அடிப்பலகைக்குக் கீழே, கறுப்பும் சிவப்புமாக மணல் இன்னும் ஒட்டியிருந்தது. அந்த ஐந்து நாளும் அப்பாவோடு இருந்த மணல் அது. அதற்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? ஜாமெட்ரி பாக்ஸைக் காலிசெய்து, சுரண்டி நிரப்பிக் கொண்டுவந்து மாமாவின் மடியில் வைத்தேன். அப்பா என்றைக்கு இறந்தார் என்று மெஷினில் பார்த்துச் சொல்லும்படி கேட்டேன்.

மாமாவிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. பெட்டியைத் திறந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், பார்க்கலாம் என்றார். எனக்கு அது போதும். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். இரண்டு நாளில் கோட்டுச்சேரி மீன் மார்க்கெட்டில் அம்மாவை நிறுத்திக் கேட்டார்களாம். மெஷினிலேயே நாள் தெரிந்துவிடுமாமே என்று. கோடி வருஷக் கணக்குச் சொல்கிறவர்களுக்கு ஐந்து நாள் கணக்கா பெரிது என்று பெரியப்பாவும் சமாதானமானார். பூவத்துக்காரர்கள் வைகாசி வரை பொறுப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். அத்தை எனக்குத் தினமும் தலைவாரிப் பூ வைத்துவிட்டாள். எல்லோருடைய பார்வையும் என் ஜாமெட்ரி பாக்ஸின் மேல் இருந்தது. மெஷினில் சனிக்கிழமை என்று வரவேண்டும் என நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

மாமா சித்திரையில் வந்தார். வீட்டில் பெரியப்பா, அம்மா, அத்தை, நான். மாமா தண்ணீர் குடித்தார், மறுபடி குடித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தார். கூடத்தில் ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண், தன்னுடைய ஆற்று மணலோடு சேர்த்து எங்கள் மணலிலும் சில மணிகளை வைத்துப் பார்த்துக் கொடுத்திருந்தாளாம். பல வருஷம் கழித்து மாமா என்னிடம் சொன்னார்: வருகிற வழியெல்லாம் சனிக்கிழமை என்று பொய் சொல்லத்தான் நினைத்திருந்தாராம். அக்கா காகிதத்துக்குக் கை நீட்டியதும் நாக்கு எழவில்லையாம்.

"அக்கா, இது மணலோட வயசு. அது எப்ப போட்டுக்குள்ள வந்துச்சு, யாரு கூட இருந்துச்சுங்கறதெல்லாம் அதுக்குத் தெரியாது."

எவ்வளவு வயது என்று பெரியப்பா கேட்டார். ஐம்பத்தைந்து கோடி வருஷம் என்றார் மாமா. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். நான் மாமாவை ஏமாற்றுக்காரர் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

அம்மா மட்டும் காகிதத்தை விடவில்லை. எட்டாவது வரை படித்தவள். எண்களுக்கு நடுவில் விரலை வைத்து, கூட்டல் குறிக்குக் கீழே ஒரு கோடு போட்டிருக்கிறதே, அது என்ன என்று கேட்டாள். முன்னே பின்னே ஐம்பது லட்சம் வருஷம் இருக்கலாம் என்று அர்த்தம் என்றார் மாமா. இது தப்பில்லையா என்று அம்மா கேட்டாள்.

"இல்லக்கா. எம்புட்டுத் தெரியும், எம்புட்டுத் தெரியாதுன்னு சேத்து எழுதுனாத்தான் ஒத்துக்குவாங்க. வெறும் வயச மட்டும் எழுதுனா தூக்கிப் போட்டுருவாங்க."

வெளியே யாரோ ஐஸ் பெட்டியை இழுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. அம்மா காகிதத்தை மடித்துத் தம்பியிடம் கொடுத்தாள்.

"எனக்கு அஞ்சு நாளுதான் முன்ன பின்ன. நானே சொல்லிடறேன்."

பெரியப்பா பஞ்சாங்கத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார். படகு கிடைத்த சனிக்கிழமைக்கு என்ன திதி என்று புரட்ட ஆரம்பித்தார். அதுதான் எல்லோரும் எதிர்பார்த்த நாள். நான் வேண்டிக்கொண்ட நாளும் அதுதான். வேண்டாம் என்றாள் அம்மா. செவ்வாய்க்கிழமை, போன அன்றைக்கே, விடிவதற்கு முன்னால் என்றாள். பெரியப்பா தயங்கினார். படகு கிடைத்த நாளை வைப்பதுதானே முறை, இதை எதைக்கொண்டு சொல்கிறாய் என்று மெதுவாகத்தான் கேட்டார்.

"அஞ்சு நாளு வேணாம்," என்றாள் அம்மா. "போனதும் முடிஞ்சு போச்சுன்னு எழுதுங்க."

பெரியப்பா பஞ்சாங்கத்தைச் செவ்வாய்க்கிழமைக்குத் திருப்பினார். கருமாதி நடந்தது. அம்மாவின் நெற்றியைத் துடைத்தார்கள். வைகாசியில் அத்தை பூவத்துக்குப் போனாள். எல்லோரும் அவரவர் பாரத்தை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. நான்தான் அம்மாவோடு பேசவில்லை. எங்கேயோ கிடக்கிற கல்லுக்கு ஐம்பது லட்சம் வருஷத்தைத் தாராளமாகத் தள்ளிக் கொடுக்கிறார்கள். சொந்தப் புருஷனுக்கு நான்கு நாள் கொடுக்க இவளுக்கு மனம் வரவில்லையே என்று கொதித்தேன். கணக்கில் நான் கெட்டிக்காரி. செவ்வாயிலிருந்து சனி வரை அப்பாவுக்கு இருந்திருக்கக்கூடிய ஆயுளை அம்மா பிடுங்கிவிட்டாள் என்பது என் கணக்கு. வருஷா வருஷம் செவ்வாய்க்கிழமையின் திதியில் அம்மா படையல் போடுவாள். நான் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வேன். நான்கு நாள் கழித்து யாருக்கும் தெரியாமல் என் தட்டிலிருந்து ஒரு பிடிச் சோற்றை எடுத்துக் காக்கைக்கு வைப்பேன்.

பதினைந்து வயதில் ஏதோ ஒரு சண்டையில் அதை வாய்விட்டே சொல்லிவிட்டேன். நீதான் அப்பாவை நாலு நாள் முன்னாடியே சாகடித்தாய் என்று. அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. கையில் இருந்த மீனை முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். பதில் இல்லாததால்தான் பேசாமல் இருக்கிறாள் என்று நினைத்து, ஜெயித்தவள் மாதிரி எழுந்து போனேன். இன்றும் அதை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது.

அப்பா எங்கள் ஊரிலேயே நன்றாக நீந்துகிறவர். எனக்கு அது பெருமை. அந்த மூன்று நாள் காற்றில் கரையில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு அது என்னவாக இருந்தது என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. சனிக்கிழமை வரை அப்பா உயிரோடு இருந்தார் என்றால், சனிக்கிழமை வரை அவர் தண்ணீரில் இருந்தார். தண்ணீரில் இருந்தவரை எங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருப்பார்.